துணி சுற்றிய கோலி

பாதர்ஸ்ட்,
3 அக்டோபர் 1965

என் வீட்டுக்காரர் ஒபதியா அவர்களுக்கு கெசியா எழுதுவது. கர்த்தர் இந்த நாள்வரைக்கும் நம் இருவரையும் ஆற்றின் இரண்டு முனைகளில் சுகமாகவே வைத்திருக்கிறார்.

உங்கள் கடிதம் புதன்கிழமைக் கப்பலில் வந்தது. சட்டைப் பொட்டலம் வரவில்லை. போன மாதமும் வரவில்லை. நீங்கள் ஜார்ஜ்டவுனுக்குப் போன நாளிலிருந்து மாதம் தவறாமல் அழுக்குச் சட்டைகளைக் கட்டி அனுப்புவீர்கள். நான் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துத் திருப்பி அனுப்புவேன். துறையில் பொட்டலம் எடுத்துக் கொடுக்கிறவரே கேட்டுவிட்டார், "என்னம்மா, ஐயா அங்க சட்டை போடுறதையே விட்டுட்டாரா?" என்று. சிரித்துவிட்டு வந்தேன். வீடு வந்து சேர்ந்தபோது சிரிப்பு இல்லை.

மூன்று பக்கம் குடியரசைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பிப்ரவரியில் சுதந்திரம் வந்தது, கொடி மாறியது, ராணி மட்டும் நாட்டுக்குத் தலைவியாக மிச்சம் இருக்கிறாள், நவம்பரில் ஓட்டுப் போட்டு அவளையும் அனுப்பிவிட்டால் நமக்கென்று ஒரு ஜனாதிபதி வருவார் என்கிறீர்கள். அதற்குப் பின் கடலைக் கொள்முதலில் தற்காலிக எழுத்தராக இருக்கும் உங்களுக்குக் கமிஷனர் அலுவலகத்தில் நிரந்தர வேலை, கூடவே ஆற்றோரமாக ஒரு வீடு. எல்லாம் சரி. ராணி போவதற்கும் உங்களுக்கு வீடு வருவதற்கும் நடுவில் என்ன சம்பந்தம் என்றுதான் விளங்கவில்லை. அந்த வீட்டிலா அவள் குடியிருக்கிறாள்?

இன்று காலை ஆலயத்தில் வழக்கம்போல் ராணிக்காக ஜெபித்தார்கள். உங்கள் அக்கா அடினா அண்ணி வழக்கம்போல் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்கள். அவர்களிடம் போய் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அலமாரியில் இருக்கும் முடிசூட்டு விழாக் கோப்பையை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டார்கள். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

உங்கள் ஆளுங்கட்சிக்காரர் கெபா சான்யாங் வந்திருந்தார். "உங்க வீட்டுக்காரர் எங்க ஆளு. அப்ப நீங்களும் எங்க ஆளு" என்றார். நான் கர்த்தருடைய ஆள் என்றேன். சிரித்தார். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தார்.

சட்டையை யார் துவைக்கிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதவும்.

இப்படிக்கு,
கெசியா

*

ஜார்ஜ்டவுன்,
13 அக்டோபர் 1965

கெசியாவுக்கு,

முதலில் சட்டை. இங்கேயே துவைக்க ஆள் இருக்கிறது. கப்பலில் கசங்கிப் போய்க் கசங்கி வருவதற்கு இது மேல். அவ்வளவுதான். நாட்டின் தலையெழுத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதினால் நீ காலர் பட்டையைப் பிடித்துக்கொள்கிறாய்.

இப்போது நாடு. நீ கேலி செய்ததற்குப் பதில் சொல்கிறேன். அந்த அம்மாள் நாலு வருஷத்துக்கு முன் ஒரு தடவை வந்தாள். வெயிலில் நாம் நின்றோம், அவள் கை அசைத்தாள், போனாள். அதன் பிறகும் நம் சட்டம் அவள் பெயரில்தான் பிறக்கிறது. நம் ஊர் வழக்குக்குக் கடைசி வார்த்தை லண்டனில்தான் சொல்கிறார்கள். இந்தக் கடிதத்தில் ஒட்டியிருக்கும் தபால்தலையைப் பார். நம் ஆற்றுப் பறவை, அதன் மூக்குக்கு நேரே அவள் முகம். பறவைக்காவது பறந்துபோக வழி இருக்கிறது. கல்யாணமான மகன் இன்னும் அம்மா பெயரில் கடன் சொல்லிச் சாமான் வாங்குவதுபோல எத்தனை நாள் இருப்பது?

ஓட்டுப் போடுவது சுலபம். போன தேர்தலைப் போலவேதான். அதிகாரி உன் கையில் ஒரு கோலிக்குண்டு கொடுப்பார். திரைக்குள் இரண்டு பீப்பாய் இருக்கும். பச்சை குடியரசு, வெள்ளை ராணி. குழாயில் கோலியைப் போட்டால் உள்ளே மணி அடிக்கும். ஒரு தடவைக்கு மேல் அடித்தால் கள்ள ஓட்டு என்று வெளியே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். நீ எதில் போட்டாய் என்பது கடவுளுக்கும் உனக்கும் மட்டும். படிக்காதவனும் தலை நிமிர்ந்து போடலாம்.

நீயும் அக்காவும் பச்சையில் போடுங்கள். ஆலயத்துப் பெண்களிடமும் சொல்லுங்கள். நம் அக்கு இனத்து ஜனங்கள் எல்லோரும் ராணியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் என்று இங்கே பேச்சு. அப்படி இல்லை என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். என் வாக்கைக் காப்பாற்று.

ஒபதியா

*

பாதர்ஸ்ட்,
7 நவம்பர் 1965

உங்களுக்கு,

துவைக்க ஆள் இருக்கிறது என்று எழுதினீர்கள். அந்த ஆளுக்கு நியிமா என்று பெயர் இருப்பதை எழுதவில்லை. கோலாக் கொட்டை விற்கும் ஹாடி ஜார்ஜ்டவுனுக்குப் போய்விட்டு வந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். "ஐயா சட்டை எல்லாம் அந்தப் பொண்ணு வீட்டுக் கொடியிலதான் காயுது. நல்லா வெள்ளையாத்தான் காயுது" என்றாள். சான்யாங்குக்குச் சித்தி மகளாமே. அந்த வீட்டில்தான் நீங்கள் தங்கியிருக்கிறீர்களாமே. பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

ராணியைப் பற்றி நானும் யோசிக்காமல் இல்லை. நீங்கள் எழுதியதில் நியாயம் இருக்கிறது. யாரோ ஒருத்தியின் பெயரில் நம் வீட்டுச் சட்டம் இருப்பது அழகில்லைதான். ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது, அதையும் கேளுங்கள். தூரத்தில் இருக்கிறவளுக்கு என் பெயர் தெரியாது. இந்தத் தெருவில் எந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று தெரியாது. சான்யாங்குக்குத் தெரியும். சனிக்கிழமை ஃபூஃபூக் களி கிண்டிக்கொண்டிருந்தபோது வந்து, யார் யார் எந்தப் பீப்பாய் என்று தெருவில் கேட்டுக்கொண்டு போகிறார். ரகசியம் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். ரகசியம் என்றால் அவருக்கு எதற்கு இந்த விசாரணை? இவ்வளவு பக்கத்தில் ஒரு ராஜா வேண்டுமா என்று யோசிக்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த ஆற்றோர வீட்டைப் பற்றி இதுவரை மூன்று கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். கூரை தகரம், முன்னால் மாமரம், தண்ணீர் பக்கம். 'வா' என்று ஒரு இடத்தில்கூட இல்லை. திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டேன். அதில் என் அறை எது?

கெசியா

*

ஜார்ஜ்டவுன்,
16 நவம்பர் 1965

கெசியாவுக்கு,

கோலாக் கொட்டை விற்கிறவளை நம்புகிறாய், ஆலயத்தில் மோதிரம் போட்டவனை நம்பவில்லை. நல்லது.

தங்குவதற்கு ஒரு இடம் வேண்டும், தங்கினேன். அந்த வீட்டில் சோறு போடுகிறார்கள், துவைக்கிறார்கள். ஊரெல்லாம் இப்படித்தான் தங்குகிறார்கள். இதில் தோண்டுவதற்கு ஒன்றும் இல்லை.

அறையைப் பற்றி ஓட்டு முடிந்த பிறகு பேசலாம். இன்னும் கையில் வராத வீட்டுக்கு இப்போதே பாய் விரிக்காதே. 26ஆம் தேதி வெள்ளிக்கிழமை பச்சையில் போடு. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், பாதி போதாது. ஒவ்வொரு கோலியும் முக்கியம். இதை மட்டும் எனக்காகச் செய். அக்காவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

ஒபதியா

*

பாதர்ஸ்ட்,
28 நவம்பர் 1965

உங்களுக்கு,

ஓட்டுப் போட்டாயிற்று. அண்ணியும் நானும் ஒன்றாகத்தான் போனோம். வரிசை மீன் சந்தைவரை நின்றது. வெயில் சுள்ளென்று அடித்தது.

மணிச் சத்தத்தில் குழப்பம் வரக்கூடாது என்று போலீஸ்காரர் தெருவில் போகிற சைக்கிளை எல்லாம் நிறுத்தி, மணியின் மேல் கந்தைத் துணியைச் சுற்றிக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு ரொட்டிக்காரன் மட்டும் சண்டை போட்டான், "மணி இல்லாம நான் என்னத்த விக்கிறது, பாட்டுப் பாடியா?" என்று. வரிசையே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் வேறொன்றைக் கவனித்தேன். பீப்பாய்கள் இரண்டும் ஒரே மாதிரி அடிக்கவில்லை. பச்சை கணீர் என்றது. வெள்ளை, தொண்டை கட்டியவன் கூப்பிடுவதுபோல டொங் என்றது. நான் மட்டும் கவனிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மரத்தடியில் சான்யாங்கின் ஆட்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் உள்ளே போவாள், இவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். மணி அடித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நம் ஆலயத்து மிஸஸ் பேல்மர் வெளியே வந்தபோது ஒருவன், "அம்மா, மகாராணி சௌக்கியமா?" என்று கேட்டான். அந்த அம்மாள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கடவுளுக்கும் எனக்கும் மட்டும் என்று எழுதியிருந்தீர்கள். மரத்தடி பெஞ்சை விட்டுவிட்டீர்கள்.

நான் போட்டேன். எதில் என்று கேட்க வேண்டாம்.

கெசியா

*

ஜார்ஜ்டவுன்,
9 டிசம்பர் 1965

கெசியாவுக்கு,

முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். பச்சைக்கு அறுபதாயிரத்துக்கு மேல், வெள்ளைக்கு முப்பதாயிரத்துச் சொச்சம். ஆனாலும் தோற்றோம். மூன்றில் இரண்டு பங்குக்குச் சில நூறு கோலிகள் குறைவு. இங்கே கட்சிக்காரர்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அரசாங்கம் அதே அரசாங்கம்தான், அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கூட இருந்தே கழுத்தறுத்தவர் யார் என்று தேடுகிறார்கள்.

கேள். கோலிகளை எண்ணும்போது குழி வைத்த பலகையில் கொட்டி, குழிக்கு ஒன்றாக உட்கார வைப்பார்கள். நம் தெருவின் வெள்ளைப் பீப்பாயைக் கொட்டியபோது ஒன்று குழியில் உட்காரவில்லை. எடுத்துப் பார்த்தால் கோலியின் மேல் துணி சுற்றி முடிந்திருக்கிறது. மணி அடிக்காமல் இருக்க யாரோ செய்த வேலை. அதிகாரிகள் சிரித்துவிட்டு அதையும் ஒரு ஓட்டாகச் சேர்த்துக்கொண்டார்கள். சான்யாங் சிரிக்கவில்லை. துணியை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கத்தரிப்பூ நிறம், சின்னச் சின்ன மஞ்சள் பறவைகள். என் அம்மாவின் நாற்பதாம் நாளுக்கு நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒன்றுபோலத் தைத்துக்கொண்ட அஷோபித் துணி. அந்த வருஷம் அந்தத் துணி வேறு யாருக்கும் கிடைக்காமல் முழுக்கட்டையும் நான்தான் வாங்கினேன். தைத்தவர்களில் அந்தச் சாவடியில் ஓட்டுப் போட்டது இரண்டு பேர். நீ, அடினா அக்கா.

சான்யாங் கப்பலேறி இங்கே வந்து என் முன்னால் துணியை வைத்தார். "ரெண்டு பேருல யாரு? நீங்களே சொல்லிட்டா நல்லது. சொல்லலேன்னா நாங்க உங்களையே சந்தேகப்பட வேண்டியிருக்கும்" என்றார். துணியை எடுத்த அதே பையில்தான் என் வேலை உத்தரவும் இருந்தது.

அக்கா என்று சொல்லிவிட்டேன்.

யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அந்தக் கோப்பையை ஊரே பார்த்திருக்கிறது. அவர்கள் விதவை, வயதானவர்கள், அவர்களை என்ன செய்துவிடப் போகிறார்கள்? மனைவி என்றால் அது என்னையே சொன்ன மாதிரி. நீ எதுவும் சொல்ல வேண்டாம். நானும் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

உத்தரவு கைக்கு வந்துவிட்டது. ஜனவரியிலிருந்து நிரந்தரம். வீட்டுச் சாவியும் கொடுத்துவிட்டார்கள். அறை எது என்று கேட்டாய். முன்னறை உனக்கு. கிறிஸ்துமஸ் முடிந்ததும் கிளம்பி வா. வேலைக்குச் சிரமம் இருக்காது. நியிமா பின்கட்டில் இருப்பாள். அவளுக்கு இந்த வீட்டுப் பழக்கம் எல்லாம் தெரியும்.

ஒபதியா

*

பாதர்ஸ்ட்,
18 டிசம்பர் 1965

உங்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு ஒரு நாள் முன்னால் அண்ணியின் மகன் வில்மட் கப்பல் பட்டறையிலிருந்து திரும்பி வந்துவிட்டான். இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். காரணம் சொல்லவில்லை. மேஸ்திரி மட்டும் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அம்மா துணி விஷயத்துல இன்னும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம். உங்க மாமாவே அவங்க பேரைச் சொல்லிட்டாரு" என்றாராம். வயதானவர்களை என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, இதைத்தான் செய்தார்கள். அந்த வீட்டில் அவன் ஒருவன் சம்பாதித்துத்தான் உலை வைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அண்ணி என்னிடம் வந்து உட்கார்ந்தார்கள். அழவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. கையில் நீங்கள் ஓட்டுக்கு முன்னால் அவர்களுக்கு எழுதிய கடிதம் இருந்தது. "தம்பி கேட்டான், பச்சையில போட்டேன்" என்றார்கள். "கோப்பை என் அலமாரியில இருக்கு, அது அழகுக்கு. அதுக்காகத் தம்பி பேச்சைத் தட்டுவேனா? கணீர்னு அடிச்சுதே, அந்தப் பசங்க எல்லாரும் கேட்டானுங்களே. பின்ன எதுக்குடி என்னைச் சொன்னான்?"

எனக்கு அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. உங்கள் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் படித்தேன். 'அவர்களை என்ன செய்துவிடப் போகிறார்கள்' என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். படித்தேன். பிறகு நான் செய்ததையும் சொன்னேன்.

உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கேட்காமல் விட்டதிலேயே உங்களுக்குத் தெரியும் என்பது எனக்கு விளங்கிவிட்டது. காணிக்கைக் காசை நான் எப்போதும் ஒரு துண்டுத் துணியில் முடிந்துகொண்டு போவேன். அஷோபியில் மிஞ்சிய துண்டு அது. திரைக்குள் நின்றபோது மரத்தடியில் பேச்சு நின்றதைக் கேட்டேன். சைக்கிள் மணியில் கட்டிய கந்தை ஞாபகம் வந்தது. காசை எடுத்துவிட்டுக் கோலியை அதில் முடிந்து வெள்ளைக் குழாயில் விட்டேன். சத்தமே வரவில்லை. அதிகாரி, "மணி கேட்டுச்சா?" என்றார். உதவியாளர் எழுந்திருக்கச் சோம்பல்பட்டு, "கேட்டுச்சு கேட்டுச்சு, அடுத்த ஆளை விடுங்க" என்றார். எவ்வளவு சாமர்த்தியம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டு வந்தேன். ஊரில் வேறு யாரிடமும் இல்லாத துணியில் சுற்றினோம் என்பது வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்வரைகூட எனக்கு உறைக்கவில்லை.

ராணிக்காகப் போட்டேன் என்று நினைக்க வேண்டாம். கோலி கையில் இருந்தபோது ராணியும் நினைவில் இல்லை, ஜனாதிபதியும் இல்லை. ஜார்ஜ்டவுனில் ஒரு கொடியில் காய்ந்துகொண்டிருக்கும் சட்டைகள்தான் இருந்தன. பச்சை ஜெயித்தால் நீங்கள் அங்கே, வெள்ளை ஜெயித்தால் நீங்கள் இங்கே என்று கணக்குப் போட்டேன். ஒரு நாட்டின் காரியத்தை நான் என் வீட்டுக் காரியமாக்கிவிட்டேன். அது சரியல்ல. அதைக் கர்த்தரிடம் சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை கேட்டார்களானால் நாட்டை நினைத்துப் போடுவேன். ஒருவேளை பச்சையில்கூடப் போடுவேன். ஆனால் மரத்தடியில் பெஞ்சு இருக்கும்வரை எந்தப் பீப்பாய் ஜெயித்தால் என்ன என்றும் தோன்றுகிறது.

நேற்று அண்ணியும் நானும் சான்யாங் வீட்டுக்குப் போனோம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவட்டும் என்று காத்திருந்தோம். அந்தத் துணி என்னுடையது என்றேன். நம்பவில்லை. அண்ணியைக் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று நினைத்தார். காசு முடிந்த கதையைச் சொல்லி, வீட்டில் மிஞ்சியிருந்த இன்னொரு துண்டில் முடிச்சுப் போட்டுக் காட்டினேன். தன் பையில் இருந்ததை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப ஒபதியா எங்ககிட்ட பொய் சொன்னாரா?"

"அவர் என்கிட்ட கேக்கவே இல்ல. கேக்காம சொன்னதுக்கு என்ன பேருன்னு நீங்களே வச்சுக்குங்க."

"உங்க வீட்டுக்காரர் வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும். பட்டறையில அந்தப் பையன் வேலை?"

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி அவரைப் பார்க்கவில்லை, ஜனாதிபதி படம் மாட்டுவதற்காகச் சுவரில் அடித்திருந்த வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "திங்கக்கிழமை வரச் சொல்லுங்க" என்றார். வாசல்வரை கூடவே வந்தார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாகத் தெரிந்தது.

வில்மட் திங்கட்கிழமை போகிறான். உங்கள் உத்தரவை ரத்து செய்து இதே கப்பலில் கடிதம் வருகிறது. என் கடிதத்துக்கு முன்னால் அது உங்களிடம் வந்து சேர்ந்தாலும் ஆச்சரியமில்லை.

முன்னறை எனக்கு வேண்டாம். பின்கட்டில் இருப்பவளை நான் திட்டவில்லை. நீங்கள் எனக்குச் சொன்னதை அவளுக்கும் சொல்லியிருப்பீர்கள், வேறு வார்த்தைகளில்.

இனி உங்களை அங்கே வேலை பிடித்து வைத்திருக்கவில்லை. வேறு எது பிடித்து வைத்திருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வருவதானால் வாருங்கள். துறைக்கு நான் வரமாட்டேன். கதவு சாத்தியிருக்கும், தாழ் போட்டிருக்காது. கிறிஸ்துமஸ் முடியும்வரை அண்ணி என்னோடுதான் இருக்கிறார்கள். பகலெல்லாம் முன்கூடத்தில், கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் உள்ளே வரவேண்டுமானால் அவர்களைத் தாண்டித்தான் வரவேண்டும்.

கெசியா